மலைக்கு எதிரே ஒரு கலங்கரை விளக்கம்

ஏங்க,

மொட்டைமாடி அறையின் பூட்டை இன்று காலையில் உடைத்தோம். சாவி எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள், ஒளித்து வைத்தவர் நீங்கள். கார்த்திகை மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருக்கிறது. கதவைத் தள்ளியதும் உள்ளே அடைந்து கிடந்த வாடை என் முகத்தில் வந்து மோதியது. நனைந்த சாக்கு, பலகை ஒட்டும் வச்சிரப் பசை, காய்ந்த பெயிண்டு, கொஞ்சம் எலிப் புழுக்கை. புழுக்கையைக் கழித்துவிட்டால் மீதி அத்தனையும் நீங்கள்தான். கல்யாணமான புதிதில் உங்கள் சட்டையில் இந்த வாடைதான் அடிக்கும். சவுக்காரம் கரைந்ததுதான் மிச்சம், வாடை போகவே இல்லை.

நம் மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். மூலையில் சாக்குப் போர்த்தி நின்றிருந்தது உங்கள் கலங்கரை விளக்கத்தின் தலை. அதன் உடம்பு மழையில் ஊறி உதிர்ந்த பிறகு நீங்கள் அறுத்தெடுத்துக் காப்பாற்றி வைத்த அந்த விளக்குக் கூண்டு.

"இத்தத் தூக்கிப் போட்டுடலாமாம்மா? பலகையெல்லாம் உளுத்துப் போச்சு" என்றான்.

"என்னையும் சேத்துப் போட்டுடு. நானும் உளுத்துத்தான் போயிருக்கறேன்" என்றேன்.

அவன் பதில் பேசாமல் கீழே இறங்கிப் போனான். கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வது உங்கள் பக்கத்துச் சொத்து. பாவம், அவன் மேல் தப்பில்லை. தீபம் முடிந்ததும் என்னைச் சென்னைக்குக் கூட்டிப் போவதற்காக லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். நம் லாட்ஜை விலைக்குக் கேட்டு ஆள் வந்துகொண்டிருக்கிறது. அவன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமாம். நிஜக் கடல். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். தனியாக எத்தனை நாளைக்குப் படியேறி இறங்குவது? உங்கள் டிரங்குப் பெட்டியைக் காலிசெய்து என் சேலைகளை அடுக்கி, கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆனால் பெட்டிக்குப் போவதற்குள் கப்பல் வந்து குறுக்கே நிற்கிறது.

எழுபதுகளின் நடுவில், மாமா வாதம் வந்து படுக்கையில் விழுந்தபோது, மெட்ராஸ் ஸ்டுடியோவில் செட் போடுகிற வேலையை விட்டுவிட்டு நீங்கள் ஊருக்கு ஓடிவந்தீர்கள். படுத்திருந்த மாமா கண்ணால் ஒரு கல்யாணம் பார்த்துவிட வேண்டும் என்று கீழ்பென்னாத்தூரில் என்னைப் பேசி முடித்தார்கள். தாலி கட்டிய அன்று சாயந்தரம், முகத்தில் சந்தனம்கூடக் காயவில்லை, நீங்கள் என்னிடம் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா? "நான் இங்க கொஞ்ச நாளுக்குத்தான். அப்பா தேறிட்டா திரும்பப் போயிடுவேன். அப்புறமா உன்ன வந்து கூப்புட்டுக்கறேன்." புதுப்பெண்ணிடம் பேசுகிற பேச்சா அது! அப்புறமாகக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பட்டணம் போனவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. அவர்களுடைய பெண்டாட்டிகள் களத்துமேட்டில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டு காத்திருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

அன்றிலிருந்து என் கண் அந்த டிரங்குப் பெட்டியின் மேலேயே இருந்தது. உங்கள் வெள்ளைச் சட்டைகள், ரசமட்டம், தூரிகைகள், எல்லாம் அதற்குள்ளேயே. வீட்டில் அலமாரி இருந்தும் நீங்கள் ஒரு பனியனைக்கூட அதில் வைக்கவில்லை. குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறப்பீர்கள், துணியை எடுப்பீர்கள், மூடுவீர்கள். ரயிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரியே நம் வீட்டில் குடித்தனம் நடத்தினீர்கள்.

பிறகு ஒருநாள் லாரி வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். தெருவே கூடி நின்று சிரிக்கிற சத்தம் கேட்டு வெளியே வந்தால், லாரியின் மேல் ஒரு கப்பலின் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. புகைபோக்கி, பாய்மரம், தாம்புக் கயிறு, சுக்கான் சக்கரம், டிக்கெட் கொடுக்கிற ஜன்னல், எல்லாம் பலகையும் சாக்கும். நீங்கள் வேலை செய்த ஒரு படத்துக்குப் போட்ட துறைமுகமாம். படம் முடிந்ததும் உடைத்து விறகாக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மனசு கேட்காமல் வாரிக்கொண்டு வந்துவிட்டீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் செய்தது என்பதால் அத்தனையும் சாம்பல் நிறம்.

"இன்னாங்க இது, கடலா? சாம்பல் போட்டு வெளக்காம வெச்ச பாத்திரமாட்டம் இருக்குது" என்றேன்.

"நீயே கலர் சொல்லு, அடிச்சிடறேன்" என்றீர்கள். எனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? நான் பார்த்ததெல்லாம் ஏரிதான். மயில் கழுத்து நீலம் என்று சொன்னேன். கப்பலுக்கு அரக்குச் சிவப்பு. என் கூறைப்புடவையின் உடலும் கரையும் அந்த இரண்டு நிறங்கள்தான் என்பதை நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, நான் சொல்லவில்லை.

குட்டையோரத்தில் மாமாவின் மல்லாட்டை குடோன் சும்மா கிடந்தது. அதைத் தடுத்துத் தடுத்து அறைகளாக்கினீர்கள். குடோனுக்கு ஏது ஜன்னல்? ஒவ்வொரு அறையிலும் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் செட்டில் இருந்த திரைச்சீலைகளை மாட்டினீர்கள். ஒன்றில் அலை, ஒன்றில் தூரத்துக் கப்பல், ஒன்றில் நிலா. அறைகளுக்கு எண் போடச் சொன்னால் கேட்டீர்களா? கதாநாயகன் அறை, கதாநாயகி அறை, அம்மா அறை, வில்லன் அறை என்று பெயர் எழுதினீர்கள். கக்கூஸுக்குப் பக்கத்தில் இருந்ததற்கு கிளைமாக்ஸ் அறை என்று பெயர். குட்டையைப் பார்த்த பக்கம் கப்பலின் உடம்பை நிறுத்தி, மேலே ஹார்பர் லாட்ஜ் என்று பெயர்ப்பலகை மாட்டினீர்கள். ஊர் அதைக் கப்பல் லாட்ஜ் என்றே கூப்பிட்டது. மழைக்காலத்தில் குட்டை நிறைந்து கப்பலின் நிழல் தண்ணீரில் ஆடும்போது பார்த்தால் எனக்கே ஒரு மாதிரி மயக்கமாக இருக்கும், எங்கேயோ கிளம்பிக்கொண்டிருக்கிற மாதிரி. கோடையில் அதே துறைமுகத்தில் ஆடு மேயும்.

எங்கள் நைனா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "இன்னா மாப்ள, ஏரியே காஞ்சி கெடக்குது, நீங்க கப்பல் வுட்டுக்கினு இருக்கறீங்க?" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பல் என்றாலே போவதற்குத்தானே என்று மனசுக்குள் அடித்துக்கொண்டது.

வில்லன் அறையால் பட்ட பாடு! பெண்பிள்ளையோடு வருகிறவர்கள் பெயரைப் படித்ததும் திரும்பிப் போய்விடுவார்கள். "அதுலதாங்க காத்து ஜாஸ்தி" என்று நீங்கள் கெஞ்சுவீர்கள். ஜன்னலே இல்லாத அறையில் என்ன காற்று? கடைசியில் ஆசிரமத்துப் பக்கம் அறை கிடைக்காத ஒரு வெள்ளைக்காரர் வந்து மாதக்கணக்கில் அதில் தங்கினார். பெயருக்குப் பொருத்தமாக நீங்கள் சுவரில் வரைந்திருந்த கத்திப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து கண்ணை மூடித் தியானம் செய்தார். "வில்லனுக்கு ஒரு காப்பி!" என்று நான் உள்ளேயிருந்து கத்துவதும், அந்த மனிதர் கும்பிட்டுக்கொண்டே வந்து வாங்கிக் குடிப்பதும், இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

இத்தனையிலும் உங்கள் உயிர் இருந்தது அந்தக் கலங்கரை விளக்கத்தில். மற்றதெல்லாம் பத்துப் பேர் சேர்ந்து செய்தது, அது ஒன்றுதான் உங்கள் கையால் மட்டும் செய்தது. படத்தில் அது எரியும் என்று சொன்னீர்கள். நம் ஊர்க் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தபோது என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். "இப்ப வரும் பாரு, இப்ப வரும் பாரு" என்று தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தீர்கள். நான் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் அது வந்து போய்விட்டது.

"பாத்தியா?"

"பாக்கல."

மறுநாள் மறுபடியும் போனோம். அந்த இடம் வருகிற நேரத்துக்குச் சரியாக முன்வரிசை ஆள் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினான். "பாத்தியா?" "அவன் வேட்டியத்தான் பாத்தேன்." மூன்றாம் நாள் போனால் படத்தை மாற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் படம் நம் ஊர்ப் பக்கம் வரவே இல்லை. எதைச் செய்து முடித்தாலும் என்னைக் கூப்பிட்டு "பாத்தியா?" என்று கேட்கும் பழக்கம் உங்களுக்கு அங்கேதான் பிடித்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் மாட்டினாலும் பாத்தியா, குழந்தைக்குத் தலை வாரினாலும் பாத்தியா.

லாட்ஜ் திறந்த வருஷத்துத் தீபம் உங்களுக்கு நினைவிருக்கும். மறக்கிற காரியமா செய்தீர்கள்? தீபத்துக்குள் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும் என்று மொட்டைமாடியின் மேற்குக் கைப்பிடிச் சுவர் நீளத்துக்கும் கப்பலின் மேல்தட்டைக் கட்டினீர்கள். நடுவில் கலங்கரை விளக்கம், இரண்டு பக்கமும் புகைபோக்கியும் பலகையும். அந்த வாரம் முழுக்க மழை. மலை மேகத்துக்குள் போனது போனதுதான், வெளியே வரவே இல்லை. நீங்களோ எப்போதும் ரோட்டில் நின்றுகொண்டு கப்பலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எந்தப் பக்கம் மலை என்று நீங்களும் நினைக்கவில்லை, உங்களுக்குக் கயிறு பிடித்தவர்களும் நினைக்கவில்லை, இத்தனை வாய் பேசுகிற நானும் நினைக்கவில்லை.

தீபத்தன்று மத்தியானம் உங்கள் பழைய முதலாளி வந்து இறங்கினார். நீங்கள் எல்லாரும் சார் என்று கூப்பிடுவீர்களே, அந்தச் செட் போடுகிறவர். சாமி பார்க்க வந்ததாகத்தான் சொன்னார். வெற்றிலை மடித்துக்கொண்டே என்னிடம், "இவன் கை இங்க வீணாப் போகுதும்மா. புதுசா பெரிய படம் ஆரம்பிக்கிறோம். நாளைக்கு என்னோடவே கூட்டிக்கிட்டுப் போயிடறேன்" என்றார்.

"போறதுன்னா போகட்டுங்க. மறிக்கறதுக்கு நான் யாரு?" என்றேன். சொல்லிவிட்டுக் கரண்டியைப் போட்ட வேகத்தில் அண்டா நசுங்கியது. நீங்கள் அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பெட்டி கட்டிலுக்கடியில் தயாராக இருக்கிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அகல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றப் போனேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் மேகம் விலகியது. தங்கியிருந்தவர்கள் எல்லாரும் மாடிக்கு ஏறினார்கள். மாமாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்து மாடி நடுவில் வைத்தோம். காலையிலிருந்து அவர் ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்கவில்லை. ஆயுசு முழுக்கத் தீபம் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்குச் சாப்பாடு. பேச்சு குழறிப் போன பிறகும் அந்த விரதத்தை அவர் விடவில்லை. எல்லாரும் கையைத் தலைக்கு மேல் தூக்கத் தயாராக மேற்கே திரும்பினார்கள். எதிரே மலை இல்லை. ஆணியடித்த பலகைகளின் முதுகும், தொங்குகிற சாக்கும்தான் இருந்தன. ரோட்டில் போகிறவனுக்குக் கப்பல், மாடியில் நிற்கிறவனுக்கு வெறும் வேலி.

"யோவ், மலை எங்கய்யா?" என்று ஒருவர் கத்தினார். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். "தீபம் தெரியும்னு சொல்லித்தானே ரூம்பு குடுத்தீங்க?" "அண்ணாமலையாருக்கே குறுக்க மறைப்பு கட்டுன ஆளு இந்த ஊர்ல இவுருதாம்பா!" பாதிப் பேர் சாபம் கொடுத்துக்கொண்டே படியிறங்கி ரோட்டுக்கு ஓடினார்கள். எங்கள் நைனா தலையில் அடித்துக்கொண்டார். மாமா மட்டும் நல்ல கையைத் தூக்கி மேற்கே காட்டினார். காட்டிக்கொண்டே இருந்தார்.

உங்கள் முகம் செத்துப் போனது. எல்லாவற்றையும் பிரித்து இறக்க நேரம் இல்லை. நான்தான் கத்தினேன். "அந்தக் கூண்டோட முதுகைப் பேத்து எடுங்க! ஒரு ஓட்டையாவது கெடைக்கட்டும்!"

நீங்கள் ஒரு நொடி என்னைப் பார்த்தீர்கள். பிறகு சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினீர்கள். சார் கீழிருந்து, "டேய், அது உன் வேலைடா, உடைக்காதடா" என்று சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்கும். உள்ளே வட்டமாக நீங்கள் இழைத்து இழைத்து ஒட்டிய பலகை, ஒரே அடியில் உடைந்து மாடியில் வந்து விழுந்தது. முன்பக்கத்துக் கண்ணாடித் தாளையும் கிழித்து எறிந்தீர்கள். அந்தக் கூண்டுக்குள், படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி, மலை உச்சி வந்து உட்கார்ந்தது. மாமாவின் கட்டில் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் சரியாக நடுவில்.

கோயில் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டது. ஊர் முழுக்க அரோகரா என்று ஒரே குரல். உச்சியில் தீபம் எரிந்தது, உங்கள் கலங்கரை விளக்கத்துக்குள் விளக்கு எரிந்தது. இரண்டும் ஒன்றே. மாமாவின் தலையை நான் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தேன். அவர் வாய் கோணிக்கொண்டு, "அரோ... அரோ..." என்று விம்மினார். மிச்சம் இருந்த ஜனம் சண்டையை மறந்துவிட்டு அந்தக் கட்டிலுக்குப் பின்னால் வரிசையாக வந்து நின்று, ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்துக் கும்பிட்டது. ஏணியிலேயே உட்கார்ந்திருந்த நீங்கள் அங்கிருந்து என்னைப் பார்த்து, "பாத்தியா?" என்று கேட்டீர்கள்.

"எங்கங்க பாக்கறது? ரெண்டு கையும் மாமா தலைக்கடியில" என்றேன். நான் அழுதுகொண்டிருந்தது தீபத்துக்காக என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

மறுநாள் காலையில் சாரின் பையைத் தூக்கிக்கொண்டு அவரோடு பஸ் நிலையத்துக்குப் போனீர்கள். மத்தியானம் வரை வரவில்லை. நான் மாமாவுக்குக் கஞ்சி கொடுத்தேன், அறைகளைக் கூட்டினேன், வில்லனுக்குக் காப்பி கொடுத்தேன். கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்க மட்டும் துணிச்சல் வரவில்லை. பெட்டி இருந்தாலும் நம்ப முடியாது, அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கைவீசிக்கொண்டு போனவர்களும் உண்டு.

வெயில் தாழ்ந்த நேரத்தில் தலையில் ஒரு மூட்டையோடு வந்தீர்கள். லாட்ஜுக்குப் புதுப் படுக்கை விரிப்புகள். "இதுங்கள எங்க வெக்கறது? எடமே இல்லையே" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனீர்கள். டிரங்குப் பெட்டியை இழுக்கிற கரகர சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், உங்கள் வெள்ளைச் சட்டைகளை எல்லாம் கட்டில் மேல் கொட்டிவிட்டு, பெட்டிக்குள் விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

"சட்டைய அலமாரில எடுத்து வெச்சிடு" என்றீர்கள். அவ்வளவுதான். போகவில்லை என்றோ, இருந்துவிட்டேன் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. நான் அடுப்படிக்குப் போய்ப் புகையைத் திட்டிக்கொண்டே வெகுநேரம் அழுதேன். அப்போது அடுப்பில் நெருப்பே இல்லை என்பதை நீங்கள் கவனித்தீர்களா?

அதற்கு அடுத்த வாரமே மேல்தட்டுப் பலகைகளைப் பிரித்துவிட்டீர்கள். கலங்கரை விளக்கத்தை மட்டும் விட்டு வைத்தீர்கள். அதன்பிறகு மாடியில் எங்கே நின்றாலும் மலை தெரியும். ஆனால் நம் ஜனத்தைத்தான் தெரியுமே, மலை விரிந்து கிடக்கும்போதும் அந்தக் கூண்டுக்குள் பார்த்தால்தான் புண்ணியம் என்று வருஷா வருஷம் வரிசை கட்டி நின்றது. ஒரு விசேஷத்துக்கு அதில் கலர் பல்பு போடலாம் என்று யாரோ சொன்னபோது நீங்கள் எரிந்து விழுந்தீர்கள். "அதுல மலைதான் வெளக்கு ஏத்தணும். நம்ம வேல இல்ல அது." மாமா அதற்கப்புறம் பார்த்த தீபங்கள் எல்லாம் அந்தக் கட்டிலில் இருந்துதான்.

எண்பதுகளில் ஒரு தடவை, நம் மகன் பள்ளிக்கூடம் போகிற காலம், எனக்கு மெட்ராஸ் துறைமுகத்தைக் காட்டினீர்கள். நான் கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தேன். ஒரே எண்ணெய் வாடை, கருவாட்டு வாடை, லாரிகள். கடல் மயில் கழுத்து நிறத்தில் இல்லவே இல்லை. "எப்படி இருக்குது?" என்று ஆசையாகக் கேட்டீர்கள். "நம்மளுதே தேவலாங்க" என்றேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நீங்கள் உங்களுக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தீர்கள். எவ்வளவு பெரிய பரிசு கொடுத்தாலும் அந்தச் சிரிப்பு வந்திருக்காது.

கை வலிக்கிறது. பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டேன், இத்தோடு மடித்து வைக்கிறேன்.

*

மடித்து வைத்ததை மறுபடி பிரித்து எழுதுகிறேன். நேற்று தீபம்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நடந்த ஒன்றைச் சொல்லவில்லை, சொன்னால் அங்கேயும் உங்களுக்கு மனசு கெட்டுப் போகும் என்று. குட்டையைத் தூர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் அடுக்கடுக்காக ஒரு ஓட்டல் எழும்பி இந்த வருஷம் முடிந்துவிட்டது. நம் மாடியில் எங்கே நின்றாலும் இனி அதன் பின்சுவர்தான் தெரியும். நீங்கள் பலகையால் ஒருநாள் மறைத்த மலையை, அவர்கள் சிமெண்டால் ஒரேயடியாக மறைத்துவிட்டார்கள். சென்னைக்குத் தலையாட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். மலை இல்லாத மாடியில் எனக்கு என்ன வேலை?

சாயந்தரம் சும்மா இருக்க முடியவில்லை. மகனைக் கூப்பிட்டு அந்தக் கூண்டை அறையிலிருந்து வெளியே எடுத்து வரச் சொன்னேன். முனகிக்கொண்டேதான் தூக்கினான். பழைய இடத்தில், மேற்குக் கைப்பிடிச் சுவரின் மேல் நிறுத்தினோம். துடைத்தேன். மாமாவின் கட்டில் கிடந்த இடத்தில் நின்று பார்த்தேன். கூண்டுக்குள் ஓட்டலின் சுவர், இருட்டிக்கொண்டு வந்தது.

"இன்னாத்துக்கும்மா இதெல்லாம்? ஒண்ணும் தெரியப் போறதில்ல" என்றான்.

"தெரிஞ்சா ஒனக்குச் சொல்றேன், நில்லு" என்றேன்.

கீழே ரோடு நிறைய ஜனம். போலீஸ் கயிறு கட்டி நம் தெருவிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, எக்கி எக்கி அந்த ஓட்டலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேட்டுச் சத்தம் கேட்டது. அரோகரா என்று ஊர் அதிர்ந்தது. நம் தெருவில் மட்டும் குரல் எழும்பவில்லை, எதைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் விழித்தது.

மலையில் ஏற்றியாயிற்று, இனி வீட்டில் ஏற்றலாம். அந்தச் சட்டத்தை நான் மீறவில்லை. ஆனால் உங்கள் சட்டத்தை மீறிவிட்டேன், திட்டிக்கொள்ளுங்கள். பெரிய அகலாக எடுத்து, நெய் ஊற்றி, தடித் திரி போட்டு ஏற்றி, உங்கள் கூண்டுக்குள் வைத்தேன். காற்று ஒரு தடவை அதைப் படுக்க வைத்தது. பிறகு நிமிர்ந்து எரிந்தது.

கீழே யாரோ ஒரு பெண்பிள்ளை முதலில் பார்த்தாள். "அதோ பாருடி, அதோ!" என்றாள். ஒரு தலை திரும்பியது, பத்துத் தலை திரும்பியது, தெருவே மேலே திரும்பியது. கைகள் எல்லாம் தலைக்கு மேல் போயின. அரோகரா என்று நம் தெருவும் சத்தம் போட்டது. அவர்களுக்குத் தெரியும், அது மலை இல்லை என்று. தெரிந்தேதான் கும்பிட்டார்கள்.

மகன் என் பக்கத்தில் வந்து நின்றான். அந்த வெளிச்சத்தில் அவன் முகம் அச்சாக உங்கள் முகமாக இருந்தது.

"பெட்டியக் காலி பண்ணிடட்டுமாம்மா?" என்று கேட்டான்.

"சேலைய அலமாரில வெச்சிடு. பெட்டில படுக்கை விரிப்பெல்லாம் முன்ன மாதிரியே இருக்கட்டும்" என்றேன்.

அவன் படியிறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் கீழே அந்தக் கரகர சத்தம் கேட்டது. நான் மட்டும் மாமாவின் இடத்தில் நின்றுகொண்டு, யாருடைய தலையையும் தாங்காமல், எவன் வேட்டியும் குறுக்கே வராமல், கண்ணை எங்கேயும் திருப்பாமல், எரிகிற உங்கள் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தேன்.

பாத்தேங்க.